பிரிட்டனில் மடக்குக் கத்தி சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

கத்தி வர வேண்டிய நாளில் ஒரு கடிதம் வந்தது. அமெரிக்கக் கடை ஒன்றில் 118 டாலர் கொடுத்து வாங்கிய மடக்குக் கத்தியை எல்லையிலேயே பறிமுதல் செய்துவிட்டதாக அதில் எழுதியிருந்தது. அந்தக் கத்தியில் அலகின் அடியில் ஒரு சிறு குமிழ் இருக்கும். கட்டைவிரலால் லேசாகத் தள்ளினால் போதும், மீதித் தூரத்தை உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் திறந்துவிடும். அந்த ஸ்பிரிங்தான் சிக்கல். விற்ற கடையின் நாட்டில் அது சாதாரணப் பொருள். இங்கே அதை வீட்டு அலமாரியில் வைத்திருப்பதே குற்றம். எனக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

அதற்குப் பிறகு சட்டத்தைத் தேடிப் படித்தேன், கடைக்காரர்களிடம் கேட்டேன், இன்னும் இரண்டு மூன்று தவறுகளும் செய்தேன். இப்போது என்னிடம் 14 கத்திகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ரசீது இருக்கிறது. வேலைக்கோ படிப்புக்கோ இங்கே வந்து, பேனாக்கத்தி மேல் ஆசைப்பட்டு முதல் சிலவற்றை வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தை மனதில் வைத்து எழுதியது. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் அடிப்படை இதேதான் என்றாலும் வயது வரம்பு போன்ற சில விஷயங்கள் மாறும். நான் வழக்கறிஞர் இல்லை. உங்கள் மேல் வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால் கட்டுரை படித்துக்கொண்டிருக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

1. பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள்

எந்தக் கத்தியாக இருந்தாலும், எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் வாங்காதீர்கள்.

முதல் கேள்வி: எப்படித் திறக்கிறது? பொத்தானை அழுத்தினால் தானாகத் திறப்பது, தலைகீழாகப் பிடித்தாலோ வீசினாலோ அலகு வெளியே வந்து பூட்டிக்கொள்வது, இரண்டு கைப்பிடியும் வண்ணத்துப்பூச்சிச் சிறகு போல விரிவது, இவை எல்லாம் தடை செய்யப்பட்டவை. வாங்குவது, விற்பது, இறக்குமதி செய்வது, பரிசாகக் கொடுப்பது எதுவும் கூடாது. 2021 ஜூலை 14 முதல் வீட்டுக்குள் வைத்திருப்பதும் கூடாது. அதே நாளில் தானியங்கிக் கத்திக்கான விளக்கமும் விரிந்தது. முன்பு பொத்தான் கைப்பிடியில் இருந்தால்தான் தடை என்று வாதிட இடம் இருந்தது. இப்போது பொத்தானோ ஸ்பிரிங்கோ வேறு பொறியோ கத்தியில் எங்கே இருந்தாலும், பாதி திறந்த நிலையிலிருந்து தானாக முழுவதும் திறந்தாலும், தடைக்குள் வரும். என் கத்தி மாட்டியது இதில்தான்.

கடையின் விவரணையில் ‘அசிஸ்டட்’, ‘ஸ்பிரிங் அசிஸ்ட்’, ‘ஆட்டோ’, ‘ஓடிஎஃப்’ (அலகு கைப்பிடியின் முன்பக்கமாக நேரே வெளிவருவது) என்ற சொல்லில் ஒன்று இருந்தாலும் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். அலகில் வெறும் குமிழ் மட்டும் இருந்து, முழுத் தூரமும் உங்கள் விரலே தள்ள வேண்டும் என்றால் அது வேறு. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். படத்தை வைத்து முடிவு செய்ய முடியாது, கடைக்கு எழுதிக் கேளுங்கள். பதிலைச் சேமித்து வையுங்கள்.

இரண்டாவது கேள்வி: திறந்த பிறகு பூட்டிக்கொள்கிறதா? மடக்குவதற்கு ஒரு தகட்டைத் தள்ளவோ, வளையத்தைத் திருப்பவோ, முதுகில் அழுத்தவோ வேண்டியிருந்தால் அது பூட்டுக் கத்தி. அலகை அப்படியே தள்ளினால் ஸ்பிரிங்கின் இழுவையை மீறி மடங்கிவிடுகிறது என்றால் அது ஸ்லிப்ஜாயின்ட், நம் ஊர்ப் பேனாக்கத்தி மாதிரி. பூட்டுக் கத்தியை 18 வயது நிரம்பியவர் வாங்கலாம், வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் தக்க காரணம் இல்லாமல் வெளியே எடுத்துப் போகக் கூடாது. பூட்டுக் கத்தி, சட்டம் விலக்குத் தரும் மடக்குக் கத்தி ஆகாது என்று நீதிமன்றம் 1993ஆம் ஆண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அலகு எவ்வளவு குட்டையாக இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை.

மூன்றாவது கேள்வி: வெட்டும் விளிம்பு எவ்வளவு நீளம்? 3 அங்குலம், அதாவது 7.62 சென்டிமீட்டர் வரை இருந்து, பூட்டும் இல்லை என்றால் காரணம் எதுவும் இல்லாமலே சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். சட்டம் வெட்டும் விளிம்பைத்தான் சொல்கிறது என்றாலும், நான் கைப்பிடி முடியும் இடத்திலிருந்து நுனி வரை அளக்கிறேன். தெருவில் ஒரு காவலர் அளந்தால் அப்படித்தான் அளப்பார் என்று வைத்துக்கொள்வது நல்லது. 7.6 என்று விவரணையில் போட்ட கத்தியை எல்லை என்று நம்பி வாங்காதீர்கள். 7க்குள் இருப்பதை எடுங்கள்.

2. முதல் நான்கைந்து கத்திகள்: எதை எடுப்பது, எவ்வளவு ஆகும்

பூட்டு இல்லாத, 3 அங்குலத்துக்குள் அடங்கும் கத்திகளோடு தொடங்குங்கள் என்பதுதான் என் உறுதியான யோசனை. கையில் எடுத்து, பையில் போட்டு, ஆப்பிள் நறுக்கிப் பழகாமல் கத்தியைப் பற்றிய ரசனை வளராது. பூட்டுக் கத்தி வீட்டிலேயே கிடக்க வேண்டியது. அதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

சுவிஸ் நிறுவனமான விக்டோரினாக்ஸில் 58 மில்லிமீட்டர் ‘கிளாசிக்’ 20 பவுண்டை ஒட்டிக் கிடைக்கும். சாவிக்கொத்துக்கு அது போதும். 91 மில்லிமீட்டர் ‘ஸ்பார்ட்டன்’, 93 மில்லிமீட்டர் அலுமினியப் பிடி போட்ட ‘பயனியர்’ இரண்டுக்கும் பூட்டு கிடையாது. இந்த மில்லிமீட்டர் கணக்கு மடங்கிய கத்தியின் நீளம், அலகின் நீளம் அல்ல. பலர் 91 என்றதும் பயந்துவிடுகிறார்கள். ‘பயனியர்’ எனக்கு மிகவும் பிடித்த கத்தி. தடித்த அலகு, கொஞ்சமான கருவிகள், விரலில் பதியும் வலைப்பின்னல் பிடி. ஒரே ஒரு கத்திதான் வாங்குவேன் என்பவருக்கு அதையே சொல்வேன். அதே நிறுவனத்தின் 111 மில்லிமீட்டர் வரிசையில் எச்சரிக்கை வேண்டும், பெரும்பாலானவை பூட்டிக்கொள்ளும்.

பிரெஞ்சு ‘ஓப்பினெல்’ மலிவு, அழகு. ஆனால் இங்கேதான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 6ஆம் எண்ணிலிருந்து மேலே உள்ளவற்றில் கழுத்தில் ஒரு உலோக வளையம் இருக்கும், அதைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். எல்லோரும் வாங்கும் 8ஆம் எண் கத்தியின் அலகு 8.5 சென்டிமீட்டர், அதோடு பூட்டும் உண்டு. இரண்டு காரணத்தாலும் அது பையில் வைக்கும் கத்தி அல்ல. 5ஆம் எண்ணுக்கு வளையம் இல்லை, அலகு 6 சென்டிமீட்டர். அலகில் ‘கார்போன்’ என்று இருந்தால் துருப்பிடிக்கும் எஃகு, ‘இனாக்ஸ்’ என்று இருந்தால் துருப்பிடிக்காதது.

அப்புறம், கத்திக்குப் பெயர்போன ஷெஃபீல்ட் நகரம். இந்த நாட்டில் இருந்துகொண்டு கத்தி சேர்க்கிறவர் அந்த ஊர்க் கத்தி ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்பேன். டெய்லர்ஸ் ஐ விட்னஸ், ஆர்தர் ரைட் போன்ற பெயர்களைத் தேடுங்கள். ‘லாம்ப்ஃபுட்’ என்று ஒரு வடிவம் உண்டு: நேரான விளிம்பு, நுனி ஆட்டுக்குட்டியின் கால் போலக் கீழே சரியும். பழம், கயிறு, பார்சல் டேப் எல்லாவற்றுக்கும் கைக்கு வாகானது. நான் பார்த்தவரை 40 முதல் 90 பவுண்டு. விலை பிடிக்குப் பிடி மாறும், மரம் மலிவு, கொம்பு கூடுதல். ஒரே தொழிலாளி கையால் செய்த கத்தி என்றால் 150க்கு மேல் போகும், காத்திருப்பும் மாதக்கணக்கில் ஆகும்.

ஐந்து கத்திக்கு 200 பவுண்டு ஒதுக்கினால் நன்றாகவே தொடங்கலாம். ஒரே மாதத்தில் ஐந்தும் வாங்காதீர்கள். ஒன்றை ஒரு மாதமாவது பயன்படுத்திப் பார்த்தால் அடுத்தது எது என்பது தெளிவாகிவிடும்.

3. இணையக் கடையும் வயதுச் சான்றும்

18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கத்தி விற்கக் கூடாது. 3 அங்குலத்துக்குள் அடங்கும் பூட்டில்லாத பேனாக்கத்திக்கு இதிலிருந்து விலக்கு இருக்கிறது. இருந்தாலும் பெரும்பாலான கடைகள் எல்லாக் கத்திக்கும் ஒரே விதியைத்தான் வைத்திருக்கின்றன. அதற்குத் தயாராக இருங்கள்.

தேவைப்படும் ஆவணங்கள் அதிகம் இல்லை. பாஸ்போர்ட் அல்லது இந்நாட்டு ஓட்டுநர் உரிமம், ஒரு சில கடைகளுக்கு உங்கள் முகவரி போட்ட வங்கிக் கணக்கு விவரம். புதிதாக வந்தவர்களுக்கு இங்கேதான் தடுமாற்றம் வரும். கடைகள் வயதை முதலில் வாக்காளர் பட்டியல், கடன் வரலாறு போன்றவற்றில் தானாகச் சரிபார்க்கும். வந்து மூன்று மாதமே ஆனவருக்கு அவற்றில் பெயர் இருக்காது, சரிபார்ப்பு தோற்றுவிடும். உடனே இன்னொரு கடைக்கு ஓட வேண்டாம். கடைக்கு மின்னஞ்சல் அனுப்பி, கையால் சரிபார்க்கும் வழி உண்டா என்று கேளுங்கள். எனக்கு இரண்டு வேலை நாளில் முடிந்தது. பாஸ்போர்ட் படத்தை அனுப்பும்போது ‘வயதுச் சரிபார்ப்புக்கு மட்டும்’ என்று அதன் மேல் எழுதி, பாஸ்போர்ட் எண்ணை மறைத்து அனுப்புங்கள். பெயர், பிறந்த தேதி, முகம் தெரிந்தால் போதும்.

அடுத்தது டெலிவரி. 2022 ஏப்ரல் முதல் இணையத்தில் விற்ற கத்தியை வீட்டுக்கு அனுப்பும்போது, 18 வயது நிரம்பியவர் கையில்தான் கொடுக்க வேண்டும். லாக்கரில் போட முடியாது, வாசலில் வைத்துவிட்டுப் போக முடியாது. நான் வேலைக்குப் போயிருந்த நாளில் ஒரு பார்சல் வந்தது, திரும்பிப் போனது, மறுபடி வந்தது, மறுபடியும் நான் இல்லை. கடைசியில் கடைக்கே போய்ச் சேர்ந்தது. கடைக்காரர் தபால் செலவைக் கழித்துக்கொண்டுதான் பணம் திருப்பித் தந்தார். ஆகவே வீட்டில் இருக்கும் நாளைப் பார்த்து டெலிவரி நாளைத் தேர்ந்தெடுங்கள். பகிர்ந்து தங்கும் வீடு என்றால் கூட இருப்பவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள். கத்திப் பார்சல் வருவது தெரியாமல் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் சங்கடப்படக் கூடாது.

4. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்

என் அனுபவத்துக்குப் பிறகும் வெளிநாட்டில் வாங்குகிறேன், ஆனால் கணக்குப் போட்டு. சரக்கின் விலை 135 பவுண்டுக்குள் இருந்தால் இறக்குமதித் தீர்வை இப்போதைக்கு இல்லை, 20 விழுக்காடு வாட் வரியைக் கடையிலேயே வசூலிப்பார்கள். 135ஐத் தாண்டினால் தீர்வையும் உண்டு, வாட்டும் உண்டு, அவற்றை வசூலித்துக் கட்டுவதற்குத் தபால் நிறுவனத்தின் கட்டணமும் உண்டு. தீர்வை, பொருள் விலையோடு தபால் செலவையும் சேர்த்த தொகைக்குப் போடப்படும். அந்தத் தீர்வையையும் சேர்த்த தொகைக்கு வாட் வரும். 150 பவுண்டு கத்தி, 15 பவுண்டு தபால் என்றால் வாட் மட்டுமே 33 பவுண்டுக்கு மேல் போகும். எனக்கு எல்லாம் சேர்த்துக் கூடுதல் செலவு 50ஐத் தாண்டியது. அதே கத்தி இங்குள்ள கடையில் 205க்குக் கிடைத்தது! இங்கே வாங்கியிருந்தால், திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தாலும் வெளிநாட்டுத் தபால் செலவாவது மிஞ்சியிருக்கும்.

தீர்வையைத் தெரிந்துகொள்ள அரசின் இணையதளத்தில் 8211 என்ற சுங்க எண்ணைத் தேடுங்கள், கத்திகள் அதில்தான் வருகின்றன. விற்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: பார்சலின் மேல் பொருளின் பெயரைச் சரியாக எழுத வேண்டும், உண்மையான விலையைப் போட வேண்டும், ரசீதின் நகல் ஒன்று வெளியே ஒட்டியிருக்க வேண்டும். ‘பரிசு’ என்று எழுதி அனுப்பட்டுமா என்று சில விற்பனையாளர்கள் அன்பாகக் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். அது பொய் அறிவிப்பு. மாட்டினால் கத்தியும் போகும், உங்கள் பெயரும் பதிவாகும்.

ஒருவேளை பறிமுதல் கடிதம் வந்துவிட்டால்? கத்தி தடைப் பட்டியலில் இருப்பது உறுதி என்றால் விட்டுவிடுங்கள். தவறாகப் பிடித்திருக்கிறார்கள் என்று ஆதாரத்தோடு சொல்ல முடிந்தால், பறிமுதல் கடிதத்தில் போட்டிருக்கும் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். என் கடிதம் பறிமுதலுக்கு 11 நாள் கழித்துத்தான் வந்தது. ஆட்சேபித்தால் விஷயம் நீதிமன்றம் போகும், தோற்றால் செலவும் உங்கள் தலையில் விழலாம். 40 பவுண்டு கத்திக்கு அந்த வழியில் போக வேண்டாம்.

5. பழைய கத்தி வாங்கும்போது

சந்தைகளிலும் பழம்பொருள் கடைகளிலும் பழைய ஷெஃபீல்ட் கத்திகள் 10, 15 பவுண்டுக்குக் கிடைக்கும். எனக்கு இவைதான் உயிர். ஆனால் பிடியைப் பாருங்கள்.

வெள்ளையாக, மெல்லிய குறுக்கு வரிகளோடு இருந்தால் யானைத் தந்தமாக இருக்கலாம். 2022 ஜூன் 6 முதல் தந்தம் உள்ள பொருளை விற்பதும் வாங்குவதும், பதிவு அல்லது சான்றிதழ் இருந்தால் தவிரக் குற்றம். 1947க்கு முன் செய்தது, தந்தம் மொத்தக் கன அளவில் 10 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் 20 பவுண்டு கட்டிப் பதிவு செய்ய வழி இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் தந்தத் தகடு போட்ட சிறு பேனாக்கத்தி அந்த 10 விழுக்காட்டுக்குள் அடங்குவது கடினம். விற்பவர் பதிவு எண் காட்டாவிட்டால் நகர்ந்துவிடுங்கள். ‘எலும்புதான் சார்’ என்பார்கள். எலும்பில் ரத்தநாளம் போன சிறுசிறு கரும்புள்ளிகள் தெரியும், தந்தத்தில் தெரியாது. ஒரு பூதக்கண்ணாடி பையில் இருக்கட்டும்.

ஆமையோடு மாதிரியோ முத்துச்சிப்பி மாதிரியோ பளபளக்கும் பழைய பிடி பல நேரம் செல்லுலாய்ட். விரலால் சூடாகும்வரை தேய்த்து முகர்ந்து பாருங்கள், கற்பூர வாசனை வரும். அந்தப் பிளாஸ்டிக்கைக் கற்பூரம் சேர்த்துத்தான் செய்தார்கள். வயதாக ஆக அது சிதைந்து அமில ஆவியை வெளியிடும். தன் அலகை மட்டுமல்ல, பக்கத்துக் கத்திகளையும் துருவாக்கிவிடும். நான் 12 பவுண்டுக்கு வாங்கிய ஒரு செல்லுலாய்ட் கத்தியை மற்றவற்றோடு ஒரே தகரப் பெட்டியில் போட்டு மூடி வைத்தேன். குளிர்காலம் முடிந்து திறந்தபோது மூன்று அலகுகளில் செந்துரு ஏறியிருந்தது, பித்தளைத் தகடுகளில் பச்சை பூத்திருந்தது. அந்த மூன்றில் ஒன்று என் முதல் லாம்ப்ஃபுட். தேய்த்துத் துருவை எடுத்துவிட்டேன், குழிகள் இன்னும் இருக்கின்றன. செல்லுலாய்ட் பிடிக்கும் என்றால் வாங்குங்கள், தனியாக, காற்றுப் படும் இடத்தில் வையுங்கள்.

பழைய பொத்தான் கத்தி கண்ணில் பட்டால், எவ்வளவு பழையது என்று விற்பவர் சொன்னாலும் வாங்காதீர்கள்.  தொடங்குகிறவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

6. கையில் வந்த அன்றே செய்ய வேண்டிய சோதனை

இணையத்தில் வாங்கிய புதுக் கத்தியைக் கையில் கிடைத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்ப உரிமை இருக்கிறது. குறை உள்ள பொருள் என்றால் 30 நாளுக்குள் முழுப் பணமும் கேட்கலாம். ஆனால் சாணை பிடித்துவிட்டாலோ, வெட்டிப் பார்த்து அலகில் கீறல் விழுந்துவிட்டாலோ வாதம் வலுவிழந்துவிடும். அதனால் முதல் நாள் வெட்டாதீர்கள், பாருங்கள்.

வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஸ்பிரிங்குக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே ஒளி கசிகிறதா என்று பாருங்கள். முடி அளவு பரவாயில்லை, நகம் நுழைந்தால் திருப்புங்கள். அலகைத் திறந்து பக்கவாட்டில் மெல்ல ஆட்டுங்கள், ஆடக் கூடாது. மடக்கும்போது அலகு நடுவில் போய் உட்கார வேண்டும், தகட்டில் உரசக் கூடாது. பிறகு காதால் கேளுங்கள். நல்ல ஸ்லிப்ஜாயின்ட் திறந்து முடியும்போதும் மடங்கி முடியும்போதும் ‘டக்’ என்று தெளிவாகச் சத்தம் போடும். சத்தம் மந்தமாக இருந்தால் ஸ்பிரிங் தளர்வு, அல்லது உள்ளே பாலிஷ் தூசு அடைத்திருக்கிறது. தூசு என்றால் வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து அலசி, உடனே காயவைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் சரியாகிவிடும். திறக்க நகம் பிய்ந்துபோகும் அளவுக்கு இறுக்கமாக இருந்தால், ஒரு வாரம் தினமும் முப்பது தடவை திறந்து மூடிப் பாருங்கள். அப்படியும் தளராவிட்டால் 14 நாள் கெடுவுக்குள் முடிவெடுக்க நேரம் மிச்சம் இருக்கும்.

மடக்கும்போது விரல்கள் அலகின் பாதையில் இருக்கவே கூடாது. இதை வீட்டில் யாருக்குக் கையில் கொடுத்தாலும் முதலில் சொல்லுங்கள்.

7. பதிவேடு

ஒரு சாதாரண எக்செல் தாள் போதும். நான் வைத்திருக்கும் கட்டங்கள்: பெயர், வாங்கிய நாள், கடை, விலை, எஃகு வகை, பூட்டு உண்டா, வெட்டும் விளிம்பின் நீளம், பிடி எதனால் ஆனது. ஒவ்வொரு கத்திக்கும் மூன்று படம்: மூடியது, திறந்தது, அளவுகோலின் பக்கத்தில் வைத்தது. ரசீதுகளும் கடையின் மின்னஞ்சல்களும் அதே கோப்பில்.

இது வெறும் ஒழுங்குக்காக அல்ல. வீடு மாறும்போது, வீட்டில் திருடு போனால் காப்பீட்டுக்கு, பிடி என்ன பொருள் என்று யாராவது கேட்டால், எல்லாவற்றுக்கும் பதில் இதில் இருக்கும். வீட்டுப் பொருள் காப்பீடு வைத்திருப்பவர்கள், தனியொரு பொருளுக்கு எவ்வளவு வரை ஈடு கிடைக்கும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். சேகரிப்பு முழுவதையும் ஒரே பொருளாகக் கணக்கிடும் நிறுவனங்கள் உண்டு, அப்படியென்றால் முன்கூட்டியே எழுதித் தெரிவிக்க வேண்டும்.

8. வைப்பதும் பராமரிப்பதும்

தோல் உறையில் நீண்டநாள் போட்டு வைக்காதீர்கள். தோலைப் பதப்படுத்திய அமிலமும் அது பிடித்து வைக்கும் ஈரமும் அலகைக் கெடுக்கும். இந்த நாட்டில் கண்ணாடி ஜன்னலில் தண்ணீர் கோக்கும் அறை எது என்று பார்த்து, அதைத் தவிர்த்து வேறு அறையில் வையுங்கள். துணி விரித்த மரப்பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டு. குழந்தைகள் உள்ள வீட்டில் பூட்டுப் போட்ட பெட்டி கட்டாயம்.

எண்ணெய்க்கு மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் போதும், பழம் நறுக்கும் கத்திக்கும் அதையே விடலாம். நம் வீட்டுப் பழக்கத்தில் தேங்காய் எண்ணெய் தடவத் தோன்றும். இங்கே குளிரில் அது உறைந்து மூட்டில் அடைத்துக்கொள்ளும், நல்லெண்ணெயும் நாளானால் பிசுபிசுக்கும். மூட்டுக்கு ஒரு சொட்டு, அலகுக்குத் துணியால் ஒரு துடைப்பு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. கார்பன் எஃகு என்றால் எலுமிச்சை, தக்காளி, மாங்காய் வெட்டிய உடனே கழுவித் துடைத்துவிட வேண்டும். நாளடைவில் சாம்பல் நிறம் ஏறும். அது துரு அல்ல, தேய்க்காதீர்கள்.

9. வெளியே எடுத்துப் போவது

பூட்டில்லாத, 3 அங்குலத்துக்குள் உள்ள கத்தியைப் பையில் வைக்கலாம் என்றேன். அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. ‘எதற்கு வைத்திருக்கிறாய்’ என்று கேட்கும்போது ‘பாதுகாப்புக்கு’ என்று ஒரு சொல் வந்துவிட்டால் அதே பேனாக்கத்தி ஆயுதமாகிவிடும். தாக்கும் எண்ணமோ தற்காப்பு எண்ணமோ இருந்தால் அளவு உங்களைக் காப்பாற்றாது. ஊரில் சாதாரணமாகச் சொல்லிப் பழகிய பதில் அது என்பதால் சொல்கிறேன். காரணம் இல்லாமல் பூட்டுக் கத்தியோ நீளமான கத்தியோ வைத்திருந்தால் நான்கு ஆண்டு வரை சிறை. விசாவில் இருப்பவருக்கு அதன் விளைவு இன்னும் பெரிது.

லெதர்மேன் ‘வேவ்’ போன்ற பல்கருவிகளின் அலகும் பூட்டிக்கொள்ளும். வேலைக்குத் தேவை என்றால் வேலை நேரத்தில் கருவிப்பையில் இருக்கட்டும், சனிக்கிழமை கடைவீதியில் இடுப்பில் இருக்கக் கூடாது. தெருவில் போகும் காரும் பொது இடமாகவே கருதப்படும். முன்பெட்டியில் போட்டு மறந்த கத்தியால் சிக்கலில் மாட்டியவர்கள் உண்டு. கடையில் பூட்டுக் கத்தி வாங்கினால் பெட்டியைப் பிரிக்காமல், ரசீதோடு, நேரே வீட்டுக்கு வாருங்கள். நீதிமன்றம், விளையாட்டு மைதானம், குழந்தையின் பள்ளி போகும் நாளில் சாவிக்கொத்துக் கத்தியையும் கழற்றி வையுங்கள். தடை செய்யப்பட்ட கத்தி தெரியாமல் உங்களிடம் இருப்பதாகச் சந்தேகம் வந்தால், அதைக் கையில் எடுத்துக்கொண்டு காவல் நிலையம் போகாதீர்கள். முதலில் காவல்துறையின் 101 எண்ணுக்கு அழைத்து எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள்.

விமானத்தில் எந்தக் கத்தியும் கைப்பையில் வேண்டாம். அலகைத் துணியில் சுற்றி, சரக்குப் பெட்டிக்குள் வையுங்கள். சாவிக்கொத்தில் இருந்த ‘கிளாசிக்’ ஒன்றை நான் பாதுகாப்புச் சோதனையில் இழந்திருக்கிறேன். கிளம்பும் முந்தின இரவே சாவிக்கொத்தைப் பாருங்கள்.

ஊருக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். இந்திய ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள, வீட்டுக்கும் தொழிலுக்கும் அல்லாத கத்திக்கு உரிமம் கேட்கின்றன. சிறு பேனாக்கத்தி அதற்குள் வராது. டெல்லியில் பொத்தான் கத்திக்குத் தனி அறிவிப்பே இருக்கிறது, 7.62 சென்டிமீட்டரே அங்கும் அளவு. இரண்டாவது, மான் கொம்புப் பிடி. ஷெஃபீல்டின் பழைய கொம்புப் பிடிகளில் நிறைய நம் நாட்டுக் கடமானின் கொம்பு, ஏற்றுமதி தடை செய்யப்படும் முன் போனது. கடமான் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற விலங்கு. இங்கே வாங்கிய ரசீது சென்னை விமான நிலையத்தில் எந்தக் கொம்பு என்பதை நிரூபிக்காது. அப்பாவுக்குப் பரிசு கொடுப்பதென்றால் மரப்பிடி போட்டதை எடுத்துப் போங்கள். ரோஸ்வுட் பிடி லாம்ப்ஃபுட் ஒன்றைத்தான் நான் கொண்டுபோனேன், பெட்டியோடும் ரசீதோடும். அப்பா அதில் இப்போது கொய்யாப்பழம் நறுக்குகிறார்.